தரைக்குள் இறங்கும் படிக்கட்டு

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு படிக்கட்டு நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது. ஆனாலும் வீட்டிலிருந்த மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். டவுன் பஸ் ஓட்டும் வீட்டுக்காரர், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சன்னலோரம் ஒதுங்கி, ஒருக்களித்து, வாசலுக்குப் போவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை, துணிக்கூடையோடு வரும்போது அந்த இடத்தில் சட்டென்று குனிவாள். “படியில மண்டைய இடிச்சுக்கிட்டா யாரு அண்ணி மருந்து போடுறது?” என்பாள். குனிந்த இடத்தில் காற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது.

படிக்கட்டுக்குச் சொந்தக்காரி அந்த அண்ணிதான். வயது நாற்பத்து நான்கு. படிக்கட்டு வரைவது அவள் தொழில். முன்பு ஒரு கட்டட அலுவலகத்தில் மேசை விளக்குக்குக் கீழே குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். இப்போது ஆறு வருடமாக, தான் ஒருநாளும் கால் வைத்திராத ஒரு நிறுவனத்துக்கு, வீட்டுக் கூடத்திலேயே நின்று வரைகிறாள். காலை ஒன்பது மணிக்கு, தண்ணீருக்குள் மூழ்குபவர்கள் போடுவது போன்ற பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வாள். மாட்டினாலும் கூடம் கூடமாகவே தெரியும். சோபா, சன்னல், காயப்போட்ட துண்டு, சுவரில் ஓடாத கடிகாரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவே, அதே சன்னல் வெயிலில் நனைந்துகொண்டு, எங்கேயும் இன்னும் கட்டப்படாத ஒரு படிக்கட்டு எழும்பி நிற்கும். கூரையை இடிக்காமலே துளைத்துக்கொண்டு மேல்வீட்டுக்காரர்களின் படுக்கையறை வழியாக அது பாட்டுக்குப் போய்விடும்.

அதைச் சுற்றி மூன்று தலைகளும் ஆறு கைகளும் வந்து சேரும். ஒன்று தச்சர், பனி கொட்டும் ஒரு தூரதேசத்தில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர். இவர்கள் வரைவதை மரத்தில் அறுப்பது அவர்தான். இரண்டாவது, எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் இளைஞன். எல்லாருக்கும் அவன் தம்பி. மூன்றாவது, வாடிக்கையாளரிடம் பேசி வேலை வாங்கிவரும் தலைவி. அவளை எல்லாரும் மேடம் என்பார்கள். ஊர் வேறு, கடிகாரம் வேறு, பேச்சு மட்டும் ஒன்று. நான்கு பேர் வீட்டிலும் அதே படிக்கட்டு அதே நேரத்தில் நிற்கும். ஒருவர் கைப்பிடியை விரலால் இழுத்து வளைத்தால் நான்கு வீட்டிலும் அது வளையும்.

கண்ணாடி கண்டுபிடிப்பது தலை, முகம், கைகள் இவற்றின் அசைவைத்தான். ஆகவே அது காட்டுவதும் அவ்வளவே. கழுத்துக்குக் கீழே ஆள் புகையாகக் கரைந்துவிடுவார். ஒருநாள் நாத்தனார் ஆசைப்பட்டு அதை மாட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

“அய்யய்யோ அண்ணி! ஒருத்தருக்கும் காலே இல்ல! கால் இல்லாததுக்கு நம்ம வீட்டுல வேற பேரு தெரியுமா?”

“சத்தமாப் பேசாத, அவங்களுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டுமே. கால் இல்லாத கூட்டம் படிக்கட்டு கட்டுதாம்! மொட்டைத் தலையன் சீப்பு விக்கிற கதையால்ல இருக்கு.”

தச்சர் தன் பட்டறையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே தலை மொட்டை.

அந்தக் கூட்டத்தில் அண்ணிக்கு மிதவை என்று பெயர். தச்சர் வைத்தது. படிக்கட்டில் யாரும் ஏறுவதில்லை. இரண்டு விரலால் காற்றைக் கிள்ளிக் கீழே இழுத்தால், அவரவர் அறையில் படிக்கட்டு தரைக்குள் இறங்கும்; மற்றவர்கள் கண்ணுக்கு அவர் தலை மேலே போவது போலத் தெரியும். மற்ற மூவரும் கிள்ளிக் கிள்ளி, விட்டு விட்டு இழுப்பார்கள். அவள் ஒரே வீச்சில் இழுத்துவிடுவாள். பதினெட்டுப் படியும் மாடியும் தண்ணீரில் அமிழ்கிற கப்பல் மாதிரி தரைக்குள் போய்விடும். ஊரிலுள்ள அத்தனை மாடிகளும் தன்னைத் தேடி இறங்கி வருகின்றன என்று அவளுக்குத் தோன்றும். “மிதவை மேல போயாச்சு. நாமதான் இன்னும் மூச்சு வாங்கிட்டிருக்கோம்,” என்பார் தச்சர்.

அவள் மிதப்பதற்குக் காரணம் உண்டு. அதை அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

பத்து வயதில் ஒரு மதில் சரிந்து விழுந்ததில் அவளுடைய இடது கால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. வலது காலைவிட நான்கு சென்டிமீட்டர் குட்டை. வெளியே போகும்போது இடது செருப்புக்குத் தடித்த அடி வைத்துத் தைத்ததைப் போடுவாள். வீட்டுக்குள் வெறுங்கால்தான், நடந்தால் தோள் படகு மாதிரி ஆடும். பள்ளிக்கூடத்தில் அவளை ‘ஒன்றரை’ என்று கூப்பிட்டார்கள். அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். பெரியவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து “பாவம்” என்றார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்பே தலை சாய்ந்துவிடும். கடைக்காரரின் தலை, டீச்சரின் தலை, பெண் பார்க்க வந்து திரும்பிப் போனவர்களின் தலை. பஸ் ஓட்டுபவரின் தலை மட்டும் அன்றைக்கு நேராக இருந்தது. அதனால்தான் அவரைக் கட்டிக்கொண்டாள்.

நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாள், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிச் சொன்னார்கள். அவள் படிக்கட்டுகளைப் பற்றிச் சொன்னாள். காலைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்று எண்ணமில்லை. ஆனால் சொல்லாத ஒன்று ஆறு வருடம் கிடந்தால் அது தானாகவே ரகசியமாகிவிடுகிறது. இரண்டு முறை எல்லாரும் நேரில் சந்திக்கத் திட்டம் போட்டார்கள். இரண்டு முறையும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இப்போது கூடத்தில் நின்றது ஒரு பொது வாசகசாலையின் படிக்கட்டு. கீழே புத்தகம், மேலே செய்தித்தாள். வாசகசாலைக்காரர்களுக்குக் கீழ்க்கூடம் விசாலமாக இருக்கவேண்டும். ஆகவே படிக்கட்டு திரும்பும் இடத்தில், நின்று மூச்சுவிடும் சதுர மேடையை எடுத்துவிட்டு, விசிறி மடிப்பைப் போல மூன்று முக்கோணப் படிகளை வைத்தார்கள். வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல். வெளிப்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதன் அழகு கெடக்கூடாது என்று கைப்பிடியை உள்பக்கம் மட்டும் வைத்தார்கள். நான்கு பேரும் அதை மாறி மாறிச் செதுக்கினார்கள். காலை வெயிலில் அந்தக் கண்ணாடிச் சுவர் அவள் கூடத்தையே ஏரிக்கரை போல ஆக்கிவிட்டது. ஒரு மாதம் அவள் அதற்குள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாள். இதுவரை வரைந்ததிலேயே இதுதான் அழகு என்று அவளே நினைத்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தச்சர் மரத்தை அறுக்கவேண்டும். அதற்கு முந்தைய மதியம், மற்றவர்கள் இன்னும் வராத நேரத்தில், அவள் கடைசியாக ஒருமுறை படிக்கட்டை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துகொண்டிருந்தாள். இறங்கவேண்டுமானால் இழுத்ததை மேலே தள்ளவேண்டும். பாதியில், சமையலறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

“அண்ணி, டீ ஆறுது! ஆவிங்க வர்றதுக்குள்ள குடிச்சிட்டுப் போங்க!”

“வர்றேன்டி!”

கை நின்றது. ஒன்பதாவது படி, அதாவது திரும்பும் இடத்தின் நடுப்படி, சரியாகத் தரை மட்டத்தில் நின்றது. டீக்குப் போகத் திரும்பியவளின் இடது கை, எந்தப் படியிலும் செய்வதைப் போல, தானாகக் கைப்பிடியைத் தேடியது. கை போன பக்கம் கால் போயிற்று. அவள் குனிந்து பார்த்தாள்.

மற்றவர்களின் கால்தான் தெரியாதே தவிர, அவரவர் கால் அவரவர் கண்ணுக்குத் தெரியும். அவளுடைய குட்டைக் கால் படியின் உள்முனையில் நின்றது. குதிகால் மட்டும் மரத்தின்மேல். விரல்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. நிழல், அதற்குக் கீழே அடுத்த படி. அளந்து பார்த்தாள். உள்முனையில் படியின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர். அவள் பாதத்தின் நீளம் இருபத்து மூன்று.

டீ ஆறிப்போயிற்று.

கூட்டம் கூடியதும் சொன்னாள். “உள்பக்கம் ரொம்பக் குறுகலா இருக்குங்க. ஒன்பது சென்டிமீட்டர்தான்.”

“அக்கா, நடைக்கோட்டுல பாருங்க,” என்றான் தம்பி. படியின் நடுவில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. ஆள் நடப்பார் என்று கணக்குகள் சொல்லும் பாதை அது. “இங்க இருபத்தஞ்சு இருக்கு. விதிப்படி சரியாத்தான் இருக்கு.”

“கோட்டுல எல்லாரும் நடப்பாங்களா?”

“நடுவுல இவ்வளவு இடத்த விட்டுட்டு அந்த ஓரத்துல யாரு நடப்பா?” என்றாள் தலைவி. களைத்த குரல். “போன தடவையும் கடைசி நாள்லதான் ஒண்ணு சொன்னீங்க. பார்த்தா ஒண்ணுமில்ல. இந்தத் தடவை நிறுத்தினா அவங்க வேற ஆள்கிட்ட போயிடுவாங்க. நாளைக்குப் பதினோரு மணி. சரிதானே?”

நான் நடப்பேன் என்ற சொல் தொண்டை வரை வந்தது. எதிரே மூன்று தலைகள், மூன்றும் நேராக. அவள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டினார்.

“காரணத்தச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா நாளைலேர்ந்து நான் அங்க மிதவை இல்ல. உங்களுக்குப் புரியாது.”

“புரியாம என்ன. பஸ்ஸுல முன்வாசல் கம்பி உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு யாரு இருக்கா? கம்பி வேணும்னவங்க ஏறுறதையே விட்டுட்டாங்க.”

“அண்ணன் பேசுறதே வருஷத்துக்குப் பத்து வாக்கியம்,” என்றாள் நாத்தனார். “அதுல ஆறு இன்னைக்கே தீந்துபோச்சு.”

அண்ணி சிரிக்கவில்லை. சன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வாசகசாலையில் மேல்மாடிக்குப் போகாமல் கீழேயே உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவள் நினைத்துப் பார்த்தாள். அவர்கள் புகார் எழுதமாட்டார்கள். எனக்கு செய்தித்தாளே பிடிக்காது என்று சொல்லிவிடுவார்கள். அவளும் தன் வாழ்நாளில் எத்தனையோ மாடிகளைப் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கண்ணாடியை மாட்டினாள். மூன்று தலைகளும் வந்தன.

“அந்த ஓரத்துல யாரு நடப்பாங்கன்னு நேத்து கேட்டீங்க மேடம். நான் நடப்பேன். என் இடது கால் குட்டை. கைப்பிடி இல்லாம என்னால இறங்க முடியாது. கைப்பிடிய உள்பக்கம் மட்டும் வச்சா, அது தேவைப்படுறவங்க எல்லாரும் அந்த ஒன்பது சென்டிமீட்டர்லதான் கால் வைக்கணும். நடுவுல தாராளமா இருக்கிற இடம் நல்ல கால் உள்ளவங்களுக்கு.”

 தம்பியின் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஆறு வருடம் அறைக்குள் மிதந்த ஏதோ ஒன்று, நூலறுந்து, தரையைத் தொட்டதை அவள் உணர்ந்தாள்.

“எத்தனை சென்டிமீட்டர் குட்டை?” என்றார் தச்சர். அவர் தலை நேராகத்தான் இருந்தது.

“நாலு.”

“இறங்கும்போது எந்தக் கால் முதல்ல?”

“குட்டைக் கால்தான் அண்ணே. ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால்.”

“இதை முன்னாடியே ஏன் சொல்லல?” தலைவியின் குரல் உயர்ந்தது. “ஆறு வருஷமாச் சேர்ந்து வேலை செய்யறோம்! இப்ப ரெண்டு மணி நேரத்துல நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? எங்க ஆளு ஒருத்தருக்குக் கால் சரியில்லன்னா?”

மிதவைக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்கு உதவிற்று.

“ஒண்ணும் சொல்ல வேணாம். பாருங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.”

கண்ணாடியைக் கழற்றி சோபாவில் வைத்தாள். நாத்தனார் கையில் தன் போனைக் கொடுத்தாள். போன் பார்ப்பது அந்த மூவரின் அறையிலும் ஒரு சன்னல் மாதிரி காற்றில் தொங்கும். வீட்டார் மூவரும் வாசலுக்கு வெளியே வந்தார்கள். அன்று பிற்பகல்தான் வேலை என்பதால் வீட்டிலிருந்த பஸ்காரர், சொல்லாமலே நான்கு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அது அந்தக் குடியிருப்பின் சாதாரணச் சிமெண்டுப் படிக்கட்டு. மாடியிலிருந்து தெருவுக்குப் போவது. மேலிருந்து மூன்றாவது படியில், கைப்பிடியை ஒட்டி, அவள் நீல நிற டேப்பால் ஒன்பது சென்டிமீட்டர் அளந்து ஒட்டினாள். “டேப்புக்கு இந்தப் பக்கம் படி. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னு வச்சுக்கங்க.”

“வணக்கம் ஆவிங்களே,” என்று நாத்தனார் போனுக்குள் சொன்னாள். “இதோ, நீங்க இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணு. கால்! ரெண்டு கால்! எங்க அண்ணியோடது.”

“வாய மூடிட்டு ஒழுங்காப் பிடி.”

அவள் இறங்கினாள். இடது கை கம்பியை இறுக்கியது. தோள் சாய்ந்தது, குட்டைக் கால் துழாவிக் கீழே போய்ப் படியைத் தொட்டது, பிறகு நல்ல கால் வந்து பக்கத்தில் நின்றது. ஒரு படி. மீண்டும் அதே போல. இரண்டு படி. படிக்கட்டுச் சன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்து, தூசி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மூன்றாவது படிக்கு இடது கால் போயிற்று. குதிகால் நீல டேப்புக்குள் அமர்ந்தது. விரல்கள் அமரவில்லை. பாரத்தை அதன்மேல் மாற்றிப் பார்த்தாள், முழங்கால் நடுங்கியது. கம்பியை விட்டு நடுப்படிக்குப் போகலாம், விட்டால் விழுவாள். கம்பியைப் பிடித்தால் படி இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள்.

டேப்புக்கு அப்பால் சிமெண்டு இருந்தது. ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும். அவள் நகர்த்தவில்லை. கீழே நின்றவரின் கைகள் இரண்டும் தாமாக மேலே எழுந்திருந்தன. அவரும் ஏறி வரவில்லை.  மூன்று தேசங்களில் மூன்று பேர் அந்த நடுங்குகிற முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போதும் தங்கச்சி,” என்றது போனுக்குள்ளிருந்து தச்சரின் குரல். “மேல ஏறு. ரம்பத்தை நிறுத்திட்டேன்.”

மிதவை மேலே ஏறிக் கண்ணாடியை மாட்டினாள். பத்து நிமிடம் கழித்துத் தலைவி, “வீடியோவ எனக்கு அனுப்புங்க. அவங்களுக்குக் காட்டணும். காட்டலாம்ல?” என்று கேட்டாள்.

“காட்டுங்க.”

வாசகசாலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வாரம் தாமதம், கீழ்க்கூடத்தில் நான்கு நாற்காலி போடும் இடம் குறையும், கண்ணாடிச் சுவரின் அழகு போச்சு என்றார்கள். அழகு போனது உண்மைதான். அந்த ஏரிக்கரை அவள் கூடத்திலிருந்து காணாமல் போனபோது அவளுக்கே நெஞ்சு கனத்தது. முக்கோணப் படிகள் போய்ச் சதுர மேடை வந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வந்தது. ஒப்புக்கொண்டார்கள், மூக்கால் அழுதுகொண்டே.

அடுத்த திங்கட்கிழமை கூட்டம் கூடியது. அவள் பயந்ததுதான் நடந்தது. அவள் படிக்கட்டின் அருகே வந்தவுடன் தம்பியின் தலை அவசரமாக ஒதுங்கி வழிவிட்டது. “மெதுவா வாங்க அக்கா, அவசரமில்ல,” என்றான்.

“தம்பி, காத்துல மிதக்குறதுக்கு எதுக்குடா மெதுவா? தள்ளு, இல்லன்னா உன் மண்டைக்குள்ள பூந்து போவேன்.”

சொன்னதோடு விடவில்லை, அவன் தலைக்குள் புகுந்து மறுபக்கம் போயும் காட்டினாள். அவன் கத்தினான். தச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் தலைவி தொண்டையைச் செருமினாள்.

“இன்னைக்கு மேல பறக்க வேணாம். எல்லாரும் ஒவ்வொரு படியாத் தரைக்குக் கொண்டுவாங்க. கைப்பிடி இருக்கிற எடத்துல கையை வையுங்க, கால வையுங்க, என்ன தெரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க.”

நான்கு வீடுகளில் ஒரு வாசகசாலை மெல்ல மெல்லத் தரைக்குள் அமிழத் தொடங்கியது. நான்கு பேரும், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தத்தம் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

“மூணாவது. முழுப் பாதமும் உள்ள இருக்கு,” என்றாள் மிதவை.

“எனக்கு முன்பக்கம் இடிக்குது,” என்றான் தம்பி. “என் பாதம் கொஞ்சம் பெருசு. செருப்பே கிடைக்காது எனக்கு.”

“எனக்கு வலது கால்ல ரெண்டு விரல் கிடையாது,” என்றார் தச்சர். “ரம்பம் எடுத்துக்கிச்சு. அதனால ஓரம் இருக்கறது எனக்கு லேட்டாத்தான் தெரியும். ஓரத்துல ஒரு பட்டை ஒட்டணும்.”

மிதவை தலைவியின் பக்கம் திரும்பினாள்.

“மேடம்? உங்க கால்?”

“தெரியல,” என்றாள் தலைவி. “குனிஞ்சாலும் தெரியல. ஏழு மாசம்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் தச்சர் “அட!” என்றார். அந்த ஒரு சொல்லில் ஆறு வருடத்துக் கூட்டமும் ஒருமுறை குலுங்கி அடங்கியது. தலைவியின் முகத்தில் வெட்கமும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. தம்பியின் தலை சாயப் பார்த்தது. மிதவை முறைத்ததும் நிமிர்ந்தது.

“இப்படியே இறங்கினா நீங்க எதைப் பார்த்துக் கால் வைப்பீங்க?” என்று அவள் கேட்டாள்.

“எதையும் பார்க்கறதில்ல. கையாலதான் இறங்குறேன். கைப்பிடி எங்க முடியுதோ அங்க படியும் முடிஞ்சுதுன்னு எடுத்துக்குவேன்.”

மிதவை கைப்பிடியின் அடிமுனைக்கு வந்தாள். அது கடைசிப் படிக்கு முன்னாலேயே அழகாகச் சுருண்டு நின்றுவிட்டிருந்தது. அவளே வரைந்த சுருள். அதிலும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இரண்டு விரலால் அதைக் கிள்ளிப் பிடித்து, கடைசிப் படியைத் தாண்டித் தரை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள்.

“எதுவரைக்கும் வேணும்?”

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் தலைவி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றைப் பிடித்தபடி. “இன்னும் கொஞ்சம்.”